அன்னாசி இருந்த இரவுகள்

எனக்குக் கோபம் வந்தால் கை நடுங்கும், எழுத்து கோணிப்போகும். அந்த வாரம் நான் எழுதிய தாள்களில் ஓர் எண்கூட நேராக நிற்கவில்லை. ஆனால் எண்கள் அத்தனையும் சரியானவை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு சிலர் வேறு மாதிரி பேசினார்கள்.

தைவானில், சியாயி நகரத்தின் ஒரு தனியார் மருத்துவமனையில் பதினேழு வருடமாகப் புள்ளிவிவர எழுத்தராக இருக்கிறேன். எத்தனை நோயாளிகள் விழுந்தார்கள், எத்தனை பேருக்குப் படுக்கைப்புண் வந்தது, எத்தனை பேருக்கு மருந்து மாறிப்போனது என்று மாடிவாரியாக எண்ணி மாதாமாதம் படிவம் நிரப்புவது என் வேலை. யாரும் என்னைத் தேடி வர மாட்டார்கள். படிவத்தை மட்டும் தேடி வருவார்கள்.

ஏழாம் மாடியில் வாங் லாய்யி என்று ஒரு நர்ஸ் இருந்தாள். முப்பத்தொரு வயது, ஒல்லியான உடம்பு, நடப்பதே ஓட்டம்தான். அவள் செய்த ஒரே குற்றம் அவளுடைய அப்பா வைத்த பெயர். அந்தப் பெயரின் முதல் இரண்டு அசைகளை எங்கள் தைவான் பேச்சில் சொன்னால் 'ஓங்-லாய்' என்று வரும். ஓங்-லாய் என்றால் அன்னாசி. அதே சத்தத்துக்குச் 'செழிப்பே, வா' என்றும் அர்த்தம். கூட்டம் வரட்டும் என்று கடைக்காரன் வாசலில் அன்னாசி வைப்பான். மருத்துவமனையில் கூட்டம் வந்தால் என்ன ஆகும்? அதனால் எங்கள் ஆட்கள் வேலை நேரத்தில் அன்னாசியைத் தொடவே மாட்டார்கள். குணமாகிப் போகிற நோயாளி நன்றியோடு அன்னாசி கேக் பெட்டி நீட்டினால், அது அப்படியே கீழே வண்டி நிறுத்தக் காவலாளியிடம் போய்ச் சேரும். பழத்தையே மாடிக்குள் விடாதவர்கள் நடுவில் பழத்தின் பெயரோடு ஒருத்தி வேலை பார்த்தாள்.

"ஏய் அன்னாசி, இன்னிக்கு ராத்திரி நீயா? போச்சுடி, நாங்க செத்தோம்!"

"எத்தனை பேரைக் கூட்டிட்டு வந்தே?"

"வழியில ஆறு பேர்தான் கிடைச்சாங்க அக்கா. இன்னிக்கு இதை வெச்சு அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்று அவளும் சிரிப்பாள். நானும் பக்கத்தில் நின்று சிரித்திருக்கிறேன். அதை மறைக்கப் போவதில்லை.

ஜூன் மாதக் கடைசியில், லூ என்கிற எண்பத்தொரு வயதுக்காரர் இரவில் கழிப்பறைக்கு எழுந்து விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். மகன் சும்மா விடவில்லை, சுகாதாரத் துறைக்குப் புகார் எழுதிவிட்டான். அந்த இரவு பணியில் லாய்யி இருந்தாள். செவ்வாய்க்கிழமை காலை துணை இயக்குநர் வெய் என்னைக் கூப்பிட்டார். பதினேழு வருடத்தில் அவர் என் பெயரைச் சொன்னது அன்றுதான்.

"ஃபான், ஏழாம் மாடி ராத்திரி ஷிஃப்ட், ஆறு மாசக் கணக்கு எடுங்க. நோயாளி விழுந்த ராத்திரி எத்தனை, அதுல வாங் லாய்யி இருந்தது எத்தனை. வேற எதுவும் வேண்டாம்."

"வேற எதுவும்னா என்ன சார்?"

"வேற எதுவும்னா வேற எதுவும்தான். வெள்ளிக்கிழமை கூட்டம். ஒரு நம்பர் போதும்."

ஒரு மணி நேர வேலை. நூற்றெண்பது இரவுகள். அதில் யாராவது விழுந்தவை இருபத்து நான்கு. அந்த இருபத்து நான்கில் லாய்யி இருந்தவை பன்னிரண்டு. அவளுக்கு அடுத்தபடியாக வந்த பெயர் ஐந்து முறைதான் இருந்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"பாதி!" வெய் மேசையைத் தட்டினார். அங்கே உட்கார்ந்திருந்த ஏழாம் மாடித் தலைமை நர்ஸ் கூ அம்மாவைப் பார்த்தார். "கேட்டீங்களா மேடம்? பாதி!"

"வேலையெல்லாம் நல்லாத்தான் செய்யும் சார் அந்தப் பொண்ணு" என்றார் கூ அம்மா, விரல் நகத்தைப் பார்த்தபடி. "ஆனா அவ வந்தாலே வார்டு கொதிக்குதுன்னு எல்லாரும் சொல்றாங்க."

அவர்கள் திட்டம் எளிமையானது. லாய்யி தானாக விலகுவதாக எழுதிக் கொடுப்பாள். சுகாதாரத் துறைக்குப் போகிற அறிக்கையில் 'காரணம்' என்ற கட்டத்தில் அவள் பெயர் இருக்கும். அந்தக் கட்டத்தில் பெயர் ஏறிய நர்ஸை இந்தத் தீவில் எந்த மருத்துவமனையும் எடுக்காது. பன்னிரண்டு என்ற என் எண் அதற்குத்தான் வேண்டியிருந்தது.

மறுநாள் மதியம் வாசலுக்கு எதிரே இருக்கும் வான்கோழிச் சோற்றுக் கடையில் லாய்யி என் எதிரே வந்து உட்கார்ந்தாள். கிண்ணத்தைத் தொடவே இல்லை.

"ஃபான் அக்கா, நம்பர் எடுத்தது நீங்கதானாமே?"

"ஆமா."

"நிஜமாவே பன்னிரண்டா?"

"பன்னிரண்டுதான்."

பையிலிருந்து ஒரு சிவப்புச் சீட்டை எடுத்து மேசையில் வைத்தாள். அதில் மூன்று பெயர்கள் தூரிகையால் எழுதியிருந்தன. "பேர் பாக்குறவர் கிட்ட போனேன். இந்த மூணுல ஒண்ணு எடுத்துக்கச் சொன்னாரு. சனிக்கிழமை பதிவு ஆபீஸ்ல மாத்திடலாம்னு இருக்கேன். அப்பா கிட்ட இன்னும் சொல்லல. அவர் எங்க தாத்தா பேர்லேர்ந்து ஒரு எழுத்து எடுத்து ஆசையா வெச்ச பேரு."

"பைத்தியமா உனக்கு? படிச்சவதானே நீ?"

"படிச்சவதான். நானும் இத்தனை நாளா சிரிச்சுட்டுத்தான் இருந்தேன். ஆனா பன்னிரண்டு தடவை நான் அங்க இருந்திருக்கேன்ல? எனக்கே இப்ப பயமா இருக்கு அக்கா. லூ தாத்தா விழுந்தது என்னாலதானா?"

ஊரார் கிண்டல் செய்தபோது நம்பாதவள் என் எண்ணைப் பார்த்து நம்பிவிட்டாள். சோற்றைப் பாதியில் விட்டு எழுந்து போய் என் அறைக் கதவைச் சாத்தினேன்.

முதலில் எனக்குத் தோன்றியது இதுதான். விழுந்த இரவுகளை எடுத்துக்கொண்டு அவற்றில் இவள் எத்தனையில் இருந்தாள் என்று கேட்பது ஒன்று. இவள் இருந்த இரவுகளை எடுத்துக்கொண்டு அவற்றில் எத்தனையில் விழுந்தார்கள் என்று கேட்பது முற்றிலும் வேறொன்று. வெய் கேட்டது முதலாவது. மாதம் முழுக்க வேலைக்கு வருகிறவள் எல்லாக் கெட்ட நாளிலும் இருக்கத்தான் செய்வாள். அவளை நியாயமாக எடைபோட வேண்டுமானால் இரண்டாவதைத்தான் கேட்க வேண்டும். கேட்டேன். அவள் இருந்த இரவுகள் ஐம்பத்து நான்கு. அதில் பன்னிரண்டு, அதாவது நூற்றுக்கு இருபத்திரண்டு. அவள் இல்லாத இரவுகள் நூற்று இருபத்தாறு. அதிலும் பன்னிரண்டுதான், நூற்றுக்குப் பத்துகூட இல்லை.

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். கேள்வியைத் திருப்பிப் போட்டும் அவள் இருந்தால் இரண்டு மடங்குக்கு மேல் விழுகிறார்கள் என்றே வந்தது. ஒரு நிமிடம், வெட்கத்தோடு சொல்கிறேன், நானே அன்னாசியை நம்பினேன்.

பிறகு பணிப் பட்டியலை விரித்து ஒவ்வோர் இரவாகப் பார்த்தேன். ஓர் இரவுக்கு மூன்று கட்டங்கள், மூன்று நர்ஸ் பெயர்கள். சில வரிகளில் மூன்றாவது கட்டம் காலியாக இருந்தது. நாற்பத்துச் சொச்சம் நோயாளிகளுக்கு இரண்டே பேர். நான் இதை இதற்கு முன் பார்த்ததே இல்லையா? பார்த்திருக்கிறேன். கூட்டி, வகுத்து, சராசரி போட்டு அனுப்பியிருக்கிறேன்.

ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டேன். இடப்பக்கம் மேலிருந்து கீழாக அந்த இரவில் எத்தனை நர்ஸ்: இரண்டு, மூன்று. மேலே இடமிருந்து வலமாக எத்தனை பேர் விழுந்தார்கள்: யாருமில்லை, ஒருவர், இருவர். நூற்றெண்பது இரவுகளையும் ஒவ்வொன்றாக எடுத்து அதனதன் கட்டத்தில் போட்டேன். நாங்கள் எண்ணும்போது வெறும் கோடு போட மாட்டோம். ஐந்து கோட்டில் முடிகிற ஒரு சீன எழுத்தைக் கோடு கோடாக எழுதுவோம். அந்த எழுத்துக்கு 'நேர்' என்று பொருள். இவ்வளவு கோணலான ஒரு விஷயத்துக்கு அந்த எழுத்தைத் திரும்பத் திரும்ப எழுதுகிறோமே என்று எரிச்சல் எரிச்சலாக வந்தது.

மூன்று பேர் இருந்த வரிசையில்: யாரும் விழாத இரவு நூற்றுப் பதினான்கு, ஒருவர் விழுந்தது ஆறு, இருவர் விழுந்தது ஒன்றுமில்லை. இரண்டு பேர் இருந்த வரிசையில்: யாரும் விழாதது நாற்பத்திரண்டு, ஒருவர் விழுந்தது பதினான்கு, இருவர் விழுந்தது நான்கு.

இனி ஓரத்தைப் பாருங்கள். வலது ஓரத்தில் வரிசைகளின் கூட்டல்: மூன்று பேர் இருந்தது நூற்றிருபது இரவு, இரண்டு பேர் இருந்தது அறுபது. கீழ் ஓரத்தில் பத்திகளின் கூட்டல்: நூற்றைம்பத்தாறு, இருபது, நான்கு. பதினேழு வருடமாக நான் படிவத்தில் அனுப்பி வந்தது இந்த ஓரங்களை மட்டும்தான். இரவுக்கு நர்ஸ் சராசரி இரண்டே முக்காலுக்குப் பக்கம், படிவத்தில் முழு எண்ணாக்கினால் மூன்று, சபாஷ். இரவுக்கு விழுந்தவர் சராசரி ஆறில் ஒரு பங்குகூட இல்லை, வரம்புக்குள், சபாஷ். இரண்டு ஓரமும் சுத்தம். நடுவில் எந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று கேட்க அந்தப் படிவத்தில் இடமே கிடையாது. ஓரங்களை வைத்துக்கொண்டு நடுவை யாராலும் கண்டுபிடிக்கவும் முடியாது.

நர்ஸ் எண்ணிக்கைக்கும் விழுவதற்கும் சம்பந்தமே இல்லை என்றால், விழுந்த இருபத்து நான்கு இரவுகளில் மூன்றில் ஒரு பங்கு, எட்டு, இரண்டு பேர் வரிசையில் வந்திருக்க வேண்டும். வந்தது பதினெட்டு. இரண்டு பேர் இருக்கும் இரவென்றால் நூற்றுக்கு முப்பதில் விழுகிறார்கள். மூன்று பேர் இருக்கும் இரவென்றால் நூற்றுக்கு ஐந்தில். ஒரே ஓர் ஆள் குறைந்தால் ஆறு மடங்கு! இது தாளில் இத்தனை வருடமாகக் கிடந்திருக்கிறது, நான்தான் ஓரத்திலேயே கூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

இப்போது லாய்யியை அந்த வரிசைகளுக்குள் தேடினேன். அவளுடைய ஐம்பத்து நான்கு இரவுகளில் நாற்பத்து நான்கு இரண்டு பேர் வரிசையில் கிடந்தன. அதில் விழுந்தது பன்னிரண்டு, நூற்றுக்கு இருபத்தேழு. மற்றவர்கள் இரண்டு பேராக நின்றது பதினாறே இரவு. அதில் ஆறு, நூற்றுக்கு முப்பத்தேழரை. அவளுக்கு மூன்று பேர் கிடைத்த பத்து இரவுகளில் ஒருவர்கூட விழவில்லை. ஒத்த நிலைமையில் வைத்துப் பார்த்தால் அந்த மாடியில் அவள் மற்றவர்களைவிட ஒரு படி மேல். நான் தனியறையில் சத்தமாகக் கெட்ட வார்த்தை பேசினேன்.

அறுபதில் நாற்பத்து நான்கு ஏன் அவள் தலையில் விழுந்தது? பதில் பணிமாற்றச் சீட்டுகளில் இருந்தது. அவளோடு மூன்றாவதாகப் பெயர் போட்டிருந்தவர்கள் ஒவ்வொரு முறையும் வேறு நாளுக்கு மாற்றி வாங்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். நாற்பத்து நான்கில் நாற்பத்தோர் இரவுக்குச் சீட்டு கிடைத்தது. காரணம் எழுதும் இடத்தில் 'சொந்த வேலை', 'சொந்த வேலை', 'வீட்டு விசேஷம்'. ஒரு சீட்டில் காரணமே எழுதவில்லை. சின்னதாக, கொண்டை இலையோடு, ஓர் அன்னாசி வரைந்திருந்தது. அதன் மேலேயே, அனுமதித்ததற்கு அடையாளமாக, கூ அம்மாவின் சிவப்பு முத்திரை.

அவள் வந்தால் கூட்டம் வரும் என்று பயந்து ஓடினார்கள். ஓடியதால் ஆள் குறைந்தது. ஆள் குறைந்ததால் கிழவர்கள் விழுந்தார்கள். விழுந்ததைக் காட்டி, பார்த்தாயா அன்னாசி என்றார்கள்!

வியாழக்கிழமை அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு ஏழாம் மாடிக்கு ஏறினேன். கூ அம்மா மருந்து அறையில் இருந்தார்.

"இது என்ன படம் மேடம்?"

பார்த்ததும் முகம் மாறியது. "சின்னப் பொண்ணுங்க, ஏதோ விளையாட்டுக்கு…"

"விளையாட்டு மேல உங்க முத்திரை இருக்கே."

"என்னை என்ன பண்ணச் சொல்றே ஃபான்? மொத்தம் பதினாலு பேரை வெச்சுக்கிட்டு மூணு ஷிஃப்ட் ஓட்டுறேன். மாட்டேன்னா வேலையை விட்டுட்டுப் போறேங்கறாளுங்க. மேல போய் ஆள் கேட்டா, சராசரி மூணு இருக்கே, அப்புறம் என்னம்மான்னு உன் படிவத்தை எடுத்து என் மூஞ்சிக்கு நேரா நீட்டுறாங்க."

சண்டை போட வந்தவள் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

வெள்ளிக்கிழமை காலைக் கூட்டத்தில் நாங்கள் நான்கு பேர்தான்: வெய், கூ அம்மா, நான், விளக்கம் சொல்ல அழைக்கப்பட்ட லாய்யி. அவள் சீருடை போடாமல் சாதாரணச் சட்டையில் வந்திருந்தாள். விலகல் கடிதம் தட்டச்சாகி அவள் முன்னால் தயாராக இருந்தது. நான் என் பெரிய தாளை அதன் மேலேயே விரித்தேன்.

"ஒரு நம்பர்தானே கேட்டேன்?" என்றார் வெய்.

"அந்த ஒரு நம்பர் பொய் சொல்லுது சார்."

"பன்னிரண்டு பொய்யா?"

"பன்னிரண்டு உண்மை. நீங்க அதை வெச்சுச் சொல்றது பொய்."

ஒவ்வொரு கட்டமாகக் காட்டினேன். வெய் முட்டாள் அல்ல. பாதியிலேயே புரிந்துகொண்டார் என்பது அவர் கடிகாரத்தைப் பார்த்த விதத்திலேயே தெரிந்தது. கூ அம்மா தலையைத் தூக்கவில்லை. நான் முடித்தபோது லாய்யி தாளைத் தன் பக்கம் இழுத்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு பதினாறு என்று எழுதிய இடத்தில் விரலை வைத்தாள்.

"வெய் சார், இந்தப் பதினாறு ராத்திரி நான் வேலையிலயே இல்ல. ஆனா ஆறு ராத்திரி விழுந்திருக்காங்க. இந்த ஆறுக்கு யார் பேரை மாத்தணும்?"

வெய் விலகல் கடிதத்தைத் தாளுக்கு அடியிலிருந்து உருவி மடித்து வைத்துக்கொண்டார்.

"சரி. உங்க பேர் வேண்டாம். பிரச்சினை முடிஞ்சுது" என்றார், ஏதோ பரிசு கொடுப்பது போல. "ஃபான், காரணம்ங்கற கட்டத்துல இப்படி எழுதுங்க. நோயாளி மணி அடிச்சுக் கூப்பிடாம தானா எழுந்தாரு. வயசானவங்க, அவங்க கவனக்குறைவு. இந்தக் கட்டம் வரைஞ்ச தாளெல்லாம் இங்கேயே இருக்கட்டும்."

நர்ஸ் இல்லையென்றால் கிழவர், கிழவர் இல்லையென்றால் அன்னாசி, யாராவது ஒருவர் வேண்டும், காலிக் கட்டத்தை மட்டும் யாரும் பார்த்துவிடக் கூடாது! நான் வாயைத் திறப்பதற்குள் லாய்யி எழுந்துவிட்டாள்.

"மணி அடிச்சாரு சார்."

"என்ன?"

"லூ தாத்தா மணி அடிச்சாரு. மூணு தடவை. நான் கேட்டேன்."

"நல்லா யோசிச்சுப் பேசுங்க" என்றார் வெய், குரலைத் தாழ்த்தி. "மணி கேட்டும் போகலன்னு நீங்களே சொன்னா, மறுபடி உங்க தலையிலதான் வந்து விடியும்."

"விடியட்டும். பன்னிரண்டாம் நம்பர் பெட்ல ஒருத்தருக்கு மூச்சு அடைச்சுப் போச்சு. என் ரெண்டு கையும் அவர் தொண்டைக் குழாய்ல இருந்துச்சு. விட்டிருந்தா அவர் செத்திருப்பாரு. இன்னொரு பொண்ணு அந்தக் கோடியில ரத்தம் ஏத்திட்டு இருந்தா. மூணாவதா யாரும் இல்ல. தாத்தா பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு எழுந்தாரு. அவர் மேல ஒரு தப்பும் இல்ல. அக்கா, நான் சொன்னதை அப்படியே எழுதுங்க."

எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில், இரவில் நர்ஸ் இரண்டு, நோயாளிகள் நாற்பத்து மூன்று, மணி மூன்று முறை அடித்தது என்று எழுதி, கட்டம் வரைந்த தாளையும் அதோடு சேர்த்துப் பின் போட்டு என் முத்திரையைக் குத்தினேன். வார்டு பொறுப்பாளர் முத்திரை இல்லாமல் அது எங்கேயும் போகாது. வெய் கூ அம்மாவை முறைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். கூ அம்மா தாளைத் தன் பக்கம் இழுத்து முதலிலிருந்து கடைசி வரை படித்தார். மூன்றாவது ஆளை மாற்றிக்கொண்டு போக அனுமதித்தது யார் என்று துறை கேட்டால் அந்தக் கேள்வி தன்னிடம்தான் வரும் என்பது அவருக்குத் தெரியும். முத்திரையை மையில் ஒற்றி, என் பெயருக்குப் பக்கத்தில் அழுத்திக் குத்தினார்.